இரண்டு கட்டைத் தூரம்

எண்பதுகளின் நடுப்பகுதியில் டென்மார்க்கில், கோல்டிங் நகருக்கு வெளியே ஓர் அகதி முகாமில் இருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி எடுப்பதாக மனைவி எழுதியிருந்தாள். அதற்காகவே அவள் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி, சோதனைச் சாவடிகள் எல்லாம் தாண்டிக் கொழும்பில் தன் தமையனின் கடைக்கு வரவேண்டும். ஏழு மாதமாக நான் அவள் குரலைக் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் கடற்கரையில் நடக்கப் போகிறவன் முட்டாள். நான் போனேன்.

கூட்டிக்கொண்டு போனவன் என் அறையில் இருந்த மன்னார்க்காரன். முகாம் சுவரில் இத்தாலிக் கடலின் படம் போட்ட கலண்டர் தொங்கியது. "அண்ணை, இதே மாதிரி இஞ்சையும் ஒரு கரை இருக்காம். ஒரு மணிக்குத் திரும்பியிடலாம்" என்றான். பக்கத்து அறை மாஸ்டரும் தொப்பியோடு வந்து நின்றார்.

பத்து மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கினோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம், அடுத்த துறைமுகம் எவ்வளவு தூரம் என்று மன்னார்க்காரன் தன் மூன்று மாத டேனிஷில் கேட்டான். கிழவர் இரண்டு விரலைக் காட்டி "மீல்" என்றார்.

"மைலைத்தான் மீல் எண்டுறார். எங்கட ரெண்டு கட்டை. அங்கையிருந்து பஸ் இருக்கு."

"வடிவாக் கேட்டனியோ?"

"டேனிஷ் படிக்கிறது நானோ நீங்களோ?"

நடந்தோம். காடு தண்ணீர் வரை இறங்கி வந்திருந்தது. முகாமில் தந்த சப்பாத்து எனக்கு ஓர் அளவு பெரிது. கூழாங்கல்லில் குதிக்கால் தோல் உரிந்துவிட்டது. பன்னிரண்டு மணியாகியும் துறைமுகத்தைக் காணவில்லை. "இந்த முனைக்கு அங்கால அண்ணை" என்றே மன்னார்க்காரன் சொல்லிக்கொண்டு போனான். மாஸ்டரோ ஒவ்வொரு முனையிலும் நின்று "ஆகா" என்றார்.

"மாஸ்டர், இன்னொருக்கா ஆகா எண்டால் தண்ணிக்குள்ள தள்ளிப்போடுவன்" என்றேன்.

"தள்ளும். குளிச்சிட்டாவது வாறன்."

துறைமுகத்துக்கு வந்து சேர இரண்டரை. அங்கே ஐஸ்கிரீம் விற்ற பெண் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பழைய ஆட்களின் ஒரு மீல் ஏழரைக் கிலோமீற்றராம். பதினைந்து கிலோமீற்றர் நடந்திருக்கிறோம். மன்னார்க்காரன் பஸ் நேரம் பார்க்கப் போனான். ஞாயிறு என்பதால் பஸ்ஸும் மூன்றேகாலுக்குத்தான்.

முகாமுக்கு வர நாலரை. அழைப்பு சரியாக மூன்றுக்கு வந்ததாம். முகாமில் அதற்குப் பதில் சொன்னவர் நம்முடைய தமிழ் ஆள்தான். "அவர் கடற்கரையில உலாத்தப் போயிட்டார்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லி வைத்துவிட்டார். உண்மை பேச அந்த மனிதருக்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

அவள் மறுபடி எடுத்தது இரண்டு மாதம் கழித்து. காலையிலிருந்தே தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். ஹலோ என்றேன்.

"கடல் வடிவோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். பொய் வரவில்லை. வடிவாகத்தான் இருந்தது. அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.