மஞ்சள் துணி கட்டிய வேப்பமரம்

இன்று காலை எங்கள் வாசலில் மாட்டுவண்டி நிறைய வேப்பங்கட்டை ஏற்றி முடித்தபோது, பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் வேகமாக வந்தார்.

"அது என் மரம். விறகையெல்லாம் என் வீட்டுல இறக்கச் சொல்லும்மா."

யுத்தம் வந்ததிலிருந்து மாம்பலமே விறகு டிப்போ வரிசையில் நிற்கிறது. அவருக்குப் பாசம் பொங்கியதில் வியப்பில்லை.

இதே மரம் மழைக்காலத்துக்கு முன்பே எங்கள் சமையலறைமேல் சாய்ந்திருந்தது. கிளையையாவது வெட்டுங்கள் என்று கெஞ்சினேன். மறுநாளே அதற்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, "இது அம்மன் மரம். கத்தி வெச்சா குடும்பத்துக்கு ஆகாது" என்று தெரு முழுக்கச் சொன்னார்.

போன வாரப் புயலில் மரம் பாதியில் முறிந்து எங்கள் சமையலறைக் கூரை ஓடுகளை உடைத்தது. ஒரு மாத ரேஷன் அரிசி மழையில் ஊறிப்போனது.

"எங்க இறக்கணும்? மாடு நின்னுக்கினு கீது" என்றார் வண்டிக்காரர்.

"அம்மன் சொத்தாச்சே! அம்மன் கோயிலுக்கே ஓட்டுங்க" என்றேன்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தாசில்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டிக்கு வழி விட்டார்.

விறகு காய்ந்ததும் பொங்கல் வைப்பதாகப் பூசாரி சொல்லியிருக்கிறார். முதல் இலை தாசில்தாருக்குத்தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அடிமரம் இன்னும் அவர் தோட்டத்தில்தான் நிற்கிறது. அதற்கும் மஞ்சள் துணி கட்டுவாரா, கோடாலி எடுப்பாரா? உங்கள் ஊகத்தைச் சொல்லுங்கள். நான் சுவரோரம் நாற்காலி போட்டுவிட்டேன்.