கண்ணாயிரம் மாமாவின் காது

சம்பா நடவுக்கு முன்னால் ரிஷிவந்தியத்தில் கண்ணாயிரம் மாமாவின் கடை வாசலில் எரிந்துபோன கிணற்று மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். டி.வி.எஸ். பிஃப்டி கேரியரில் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார்கள். வார்னிஷ் காயும் வாசனை இன்று எங்கே அடித்தாலும் எனக்கு அவர் ஞாபகம்தான். செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பேரிங் தேய்ந்திருந்தால் ஊசிபோல ஒரு கீச்சுச் சத்தம் வருமாம். எனக்கு எல்லா மோட்டாரும் ஒரே மாதிரிதான் இரையும். அவர் காதை நம்பித்தான் சுற்றுப்பட்டு கிணறுகளெல்லாம் இருந்தன.

ஒன்றுக்குப் போகும்போது ரத்தம் வந்ததை அவர் சூடு என்றார். எங்கள் பக்கம் சூட்டுக்குக் கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவுவோம். தடவினார், நின்றது. சில மாதம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி சுண்ணாம்பு, மறுபடி நின்றது. வலி கிடையாது. அந்த நோய் அப்படித்தான் விட்டுவிட்டு வரும் என்பது யாருக்குத் தெரியும்? பெருமையெல்லாம் சுண்ணாம்புக்குப் போனது. ஸ்கேன் எடுத்தபோது மூத்திரப்பையில் இருந்த புற்றுக்கட்டி வயிற்று நெறிக்கட்டிகளுக்கும் பரவியிருந்தது.

அவர் மனைவி அமிர்தம் அத்தை என் அப்பாவுக்கு அக்கா. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக என்னைத்தான் கூப்பிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். அதுவும் வேதியியல். மருந்து விவரம் இவனுக்குப் புரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் அத்தை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. இனி மருந்துதான், அதில் எதை முதலில் கொடுப்பது என்பதுதான் கேள்வி. ஜெம்சிடபினோடு சிஸ்பிளாட்டின் சேர்த்துக் கொடுப்பது பல வருடமாக நடப்பது. சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், மாமாவுக்கு இருந்தது. ஆனால் காதைக் கெடுக்கலாம், கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகும். சிஸ்பிளாட்டினுக்குப் பதில் கார்போபிளாட்டின் வைத்தால் காதுக்கு அவ்வளவு பயமில்லை. கட்டி அடங்குவதும் அந்த அளவுக்கு இருக்காது. புதிதாக இரண்டு ஊசி சேர்ந்து வந்திருக்கிறது. பழைய மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் அதை வாங்கியவர்கள்தான் அதிக காலம் இருந்தார்கள். அதில் விரல் மரத்துப்போகலாம், தோலில் தடிப்பு வரலாம். அதன் விலையைக் கேட்டதும் நாங்கள் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். மற்ற இரண்டும் காப்பீட்டு அட்டையில் கிடைக்கும்.

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, சிஸ்பிளாட்டினில் இருப்பது பிளாட்டினம் என்று மாமாவிடம் சொன்னேன்.

"தங்கத்தவிட ஒசத்தியாச்சே அது. ஒடம்புக்குள்ளயே காயில் கட்டப் போறாங்கன்னு சொல்லு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. காதைக் கெடுக்காத மருந்தே போதும் என்றார். காது போனால் கடையில் உட்கார்ந்து என்ன செய்வது, எவன் மோட்டாரைக் கொண்டுவருவான் என்று கேட்டார். எது எந்த அளவு வேலை செய்யும் என்று என் படிப்பு சொல்லும். அதற்குமேல் சொல்லாது.

அத்தை அதுவரை முந்தானையை முறுக்கிக்கொண்டு இருந்தார்.

"கல்யாணம் ஆன நாளா நான் சொன்னது எதுனா அந்தக் காதுல ஏறியிருக்கா? அந்தக் காது போனா எனக்கு இன்னா, இருந்தா எனக்கு இன்னா? நீ இருக்கணும், அவ்ளோதான்."

மாமா அவரையே பார்த்தார். "இவ சொல்றத இன்னைக்கி ஒருநாள் கேட்டுத் தொலைப்போம், வாடா" என்று எழுந்தார்.

சிஸ்பிளாட்டின் ஏறிய நாட்களில் வாந்தியும் சோர்வுமாகக் கிடந்தார். கட்டிகள் நன்றாகச் சுருங்கின. டாக்டரம்மா சொன்னபடியே கீச்சுச் சத்தமும் போனது. கோயில் மணியில் கனம் மட்டும் கேட்கிறது, கிணுகிணுப்பைக் காணோம் என்றார். பிறகு மற்றவர்கள் பேசுவதும் அவர் காதில் மங்கியது. ஆனாலும் கடையைத் திறந்தார். மோட்டாரை அவர் ஓடவிட, ஸ்க்ரூடிரைவரை அத்தை காதில் வைத்துக்கொள்வார். இன்னா மாதிரி கேக்குது என்பார் மாமா. அரிசி பொடைக்கிற மாதிரி என்று அத்தை கத்துவார். அரிசியா, நொய்யா என்று அடுத்த கேள்வி வரும். அவர்கள் பேசிக்கொள்வது பஸ் நிற்கும் இடம்வரை கேட்கும். எதிர்க்கடை தெய்வசிகாமணி அண்ணன், "இத்தினி வருசம் பேசாதத எல்லாம் இப்பப் பேசித் தீத்துக்கினு இருக்காங்கடா" என்பார்.

நோய் திரும்பியபோது வேறு மருந்து கொடுத்தார்கள். அதற்கு நோய் அடங்கவில்லை. போன மாசியில் மாமா போய்விட்டார்.

இப்போது அத்தை எனக்குப் போன் செய்தால் போனைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடிக்க வேண்டும். குழம்பு வைத்ததைக்கூடக் கத்தித்தான் சொல்கிறார். மெதுவாகப் பேசு அத்தை என்று நான் சொல்வதில்லை.