சீட்டுக் குலுக்கலில் வராத கதை

பெரம்பலூரில் கல்லூரி முடிந்து குரும்பலூர் வீட்டுக்குப் போக வேண்டியவன் மாலைதோறும் அரியலூர் பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும். நூலகம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். “பெரம்பலூர்லயே லைப்ரரி இருக்கேடா” என்று அம்மா கேட்ட அன்று, அரியலூரில் மட்டும் கிடைக்கும் நூல்களைப் பற்றி அரை மணி நேரம் வாதிட்டு வென்றேன். வாதத்தில் தோற்கும் வழக்கம் எனக்கு இல்லை.

உண்மைக் காரணம் அவள். கல்லூரியில் வேறு துறை, பேச்சுக்குழுவில் மட்டும் என் கூட்டாளி, வீடு அரியலூரில். ஓர் இயர்போனின் இரு முனைகளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, என் போனில் ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடரை நாளைக்கு ஓர் அத்தியாயமாகப் பார்த்துவந்தோம். அதில், வகுப்பில் அடுத்தடுத்த மேசையில் அமரும் ஒருவன், ஒருத்தி. ஐந்தாம் அத்தியாயத்தில் அவன் குடை நீட்டுகிறான். அவள் அதைத் திருப்பித் தரும்போது எட்டாம் அத்தியாயம் ஆகிவிடுகிறது. இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்வதில்லை.

அத்தொடருக்கு மூலமான மங்காவை, அதாவது படக்கதையை, அவள் முன்பே படித்திருந்தாள்.

“மங்காவுல அந்தக் குடைக்கு ரெண்டு பக்கம். வசனமே கிடையாது. எவ்ளோ நேரம் வேணும்னாலும் அங்கயே நிக்கலாம்.”

“நின்னுக்கிட்டே இருந்தா பஸ் போயிடுங்க.”

“உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் சொல்லியாகணும்.”

வழியில் பேரளி வேகத்தடையில் எங்கள் தோள்கள் ஒருமுறை உரசும். அதன்பின் அரியலூர் வரை திரையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இன்று சொல்லிவிடலாம் என்று தினமும் எண்ணுவேன். முன்னால் போகும் சிமெண்ட் லாரியின் புழுதிக்கு அவள் ஜன்னலைச் சாத்துவாள். அந்த நாளும் கழிந்துவிடும்.

இறுதியாண்டில், மாநிலப் போட்டிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கக் கல்லூரியில் ஒரு சொற்போர் வைத்தார்கள். ‘காதலைச் சொல்லத் தாமதிப்பது பண்பா, கோழைத்தனமா?’ பக்கத்தை முடிவு செய்வது சீட்டுக் குலுக்கல். எடுத்த சீட்டில் என்ன வருகிறதோ, அதையே பிறவியிலிருந்து நம்பியவனைப் போலப் பேச வேண்டும்; மேடை எங்களுக்குக் கற்பித்த ஒழுக்கம் அது. எனக்குக் கோழைத்தனம் வந்தது. அவளுக்குப் பண்பு.

என் தொகுப்புரையின்போது அவை சற்றே சோர்ந்திருந்தது. சிரிப்பு ஒன்று தேவைப்பட்டது. “நடுவர் அவர்களே, எனக்குத் தெரிந்த ஜப்பானியக் காதலன் ஒருவன் இருக்கிறான். குடையைக் கொடுத்துவிட்டு மூன்று அத்தியாயம் காத்திருக்கிறான், குடைக்காக!” என்று தொடங்கி, நாங்கள் மூச்சடக்கிப் பார்த்த ஒவ்வொரு காட்சியையும் கேலியாக்கினேன். அரங்கம் அதிர்ந்தது. எதிர்மேசையில் அவள் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தாள்.

வென்றேன்.

அன்று பஸ்ஸில் இயர்போனை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“நல்லா பேசினீங்க.”

“சீட்டுல வந்த பக்கங்க அது. உங்களுக்குத் தெரியாததா?”

“பக்கம் சீட்டுல வந்துச்சு. அந்தக் கதையுமா சீட்டுல வந்துச்சு?”

அப்போதாவது வாய் மூடியிருக்கலாம். “இதை நாம இரண்டு விதமாப் பார்க்கலாம்” என்று தொடங்கினேன்.

“முடிச்சதும் சொல்லுங்க, கைதட்டுறேன்” என்றாள்.

மறுநாளிலிருந்து தன் துறைத் தோழிகளோடு முந்திய பஸ்ஸில் போனாள். நான் குரும்பலூர் பஸ்ஸில் ஏறினேன். மீதித் தொடரைப் பார்க்க மனமில்லை, பஸ்ஸிலேயே போனில் மங்காவைத் திறந்தேன். அந்த இரண்டு பக்கங்களும் வந்தன. மழை, குடையின் பிடி, விரல்கள். பேச்சுக்கான வெள்ளைக் குமிழ் ஒன்றுகூட இல்லை. ஊர் வந்தும் இறங்காமல் இருந்தவனை நடத்துனர்தான் அதட்டி இறக்கினார். அதற்கு மேல் படிக்கவில்லை.

கடைசித் தேர்வு முடிந்த மதியம், அவளுக்கு முன்பே போய் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இறங்கியவள் என்னைப் பார்த்ததும் புருவம் உயர்த்தினாள்.

“லைப்ரரிக்கா?”

“இல்லங்க. நம்ம கதைய மேடையில கேலி பண்ணது தப்பு. உங்கள எனக்கு ரொம்ப நாளாப் புடிச்சிருக்கு.”

இவ்வளவுதான் பேசினேன். என் வாழ்நாளின் மிகச் சிறிய உரை.

அவள் பையை மறுதோளுக்கு மாற்றினாள். “இப்பவே பதில் வேணுமா?”

வேண்டும் என்பதற்கு என்னிடம் குறைந்தது நான்கு வாதங்கள் இருந்தன. “வேணாங்க” என்றேன்.

“வேணும்னு சொல்லியிருந்தா, இல்லன்னு சொல்லியிருப்பேன்” என்று சொல்லிவிட்டுக் கடைவீதிப் பக்கம் நடந்தாள்.

இப்போது அவள் திருச்சியில் மேற்படிப்பு படிக்கிறாள். ஞாயிறுதோறும் அந்த மங்காவிலிருந்து ஒரே ஒரு பக்கத்தை அனுப்புகிறாள். கூடவே ஒரு சொல்லும் வருவதில்லை. போன வாரப் பக்கத்தில் அந்தக் குடைக்காரன் அவள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டான், மணியை அழுத்தவில்லை. முழுக்கதையும் இணையத்தில் இருக்கிறது. ஒரு பிற்பகலில் படித்து முடித்துவிடலாம். வாசலில் நிற்கும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இந்த வாரம் போகிறது. இன்று வியாழன்.