மூன்றாவது கூவல்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஏரிக்கரைப் புல்வெளியை அளந்தது. பனி உருகி முடிந்த நேரம். நிலம் சொதசொதவென்று இருந்தது. சங்கிலியின் ஒரு முனை என்னிடம், மறுமுனை அவளிடம்.

"தொய்யுதும்மா. இழுத்துப் பிடி."

"இதுக்கு மேல இழுத்தா நீதான் வாய்க்கால்ல விழுவ."

நான் நில அளவைக்காரன். சங்கிலி பிடிக்கிற ஆட்கள் நான் சொல்லும் வரை வாய் திறக்க மாட்டார்கள். அம்மா நிறுத்தாமல் பேசினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுடன் பேச வீட்டில் ஆள் இருந்திருக்காது.

"வாய்க்கால் வெட்டினவ சிஸ்ஸெலா. கோடு போடுறவன் நீ. நிலம் யாருக்குடா, ஏர்லாண்ட்?"

"சிஸ்ஸெலாவுக்கு."

"அதை மறுபடி மன்றத்துல வந்து சொல்லு. இங்க சொன்னா மாட்டுக்குத்தான் கேக்கும்."

அம்மாவின் பெயர் குன்னில். எரிக்கின் மகள் என்று ஊர் ஏட்டில் இருக்கும். அப்பா செத்தபோது நான் சிறுவன், தங்கை சிஸ்ஸெலா கைக்குழந்தை. எங்கள் நாட்டில் பெண்ணுக்காக அப்பா பேசுவார், பிறகு புருஷன் பேசுவான். விதவை மட்டும்தான் தனக்காகத் தானே பேசலாம். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். ஆளிநாரை ஊறவைத்து, அடித்து, நூற்று, நெய்து, அந்த லினன் துணியை விற்று, யாரும் சீண்டாத ஒரு சதுப்பைத் தன் பெயரில் வாங்கினாள். நான் நகரத்தில் அளவை படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அவளும் சிஸ்ஸெலாவும் முட்டி வரை சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டினார்கள். சதுப்பு புல்வெளியானது. ஊரிலேயே நல்ல புல் இப்போது அங்கேதான்.

ஆனால் கிராமத்துச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. அம்மா சும்மா செத்துப்போனால் நிலத்தில் பெரும்பகுதி எனக்கு. வாய்க்கால் வெட்டியவள் அடுத்த பண்ணையில் வேலைக்காரியாகவே காலம் தள்ள வேண்டும். தானே சம்பாதித்த நிலம் என்பதால் உயிரோடு இருக்கும்போது விரும்பியவருக்குக் கொடுக்கலாம். அதற்கு, இந்த நிலம் இன்னாருக்கு என்று வட்டார மன்றத்தில் மூன்று அமர்வுகளில் மூன்று முறை எல்லோர் முன்னும் கூவச் செய்ய வேண்டும். மூன்றாவது கூவலுக்கும் தடை வராவிட்டால் நிலம் கை மாறும்.

முதல் கூவல் குளிர்காலத்தில். அப்பாவின் தம்பி ஹல்வார்ட் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஆம்பளப் பிள்ளை குத்துக்கல்லு மாதிரி நிக்கறப்ப பொண்ணுக்கு எழுதுறீங்களே அண்ணி, ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும், கொழுந்தனாரே. அந்தச் சேத்துல நான் நின்னப்பவும் சிரிச்சாங்க. நீங்கதான் கொஞ்சம் சத்தமா சிரிச்சீங்க."

நீதிபதி என்னைப் பார்த்தார். எனக்கு ஆட்சேபம் இல்லை என்றேன். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கூவல், நாங்கள் அளந்து முடித்த சில நாளில். மன்றம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. திரும்பும்போது இங்கெமாரின் ஓடத்தில் வந்தோம். இங்கெமார் மனைவியை இழந்தவர். ஒவ்வொரு வருடமும் அம்மா துணி விற்க ஏரியைக் கடக்கும்போது அவர் ஒரே கேள்வியைக் கேட்பார். ஊருக்கே தெரியும். அம்மாவின் வழக்கமான பதிலும் தெரியும்.

"என்ன குன்னில், இந்த வருஷமாவது?"

"ஓடக்காரரே, துடுப்பைப் பாருங்க. என்னைப் பாத்தா பாறையில மோதும்."

அவரைப் பிடிக்காமல் இல்லை. கல்யாணம் என்றால் மறுநாளிலிருந்து நிலத்துக்கு அவர்தான் வாய். நல்ல மனிதர்தான். நல்ல மனிதரிடமும் கொடுக்க முடியாதது அது. அதனால் வருடக்கணக்கில் தனியாகவே இருந்தாள். நான் நகரத்தில். சிஸ்ஸெலா வேலைக்குப் போய்விட்டாள். கோடை முழுக்க அம்மா மலைமேல் காட்டுக் குடிலில், மாடுகளோடு. பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாலாடைக்கட்டி பிடித்து. வாரக்கணக்கில் மனித முகம் கிடையாது. மாடுகளைக் கூப்பிடும் அந்த உச்சக்குரல்தான் பேச்சு. இலையுதிர் காலத்தில் கீழே இறங்கிய முதல் நாளில் உப்பைக்கூடக் கத்தித்தான் கேட்பாள். பிறகு தானே சிரித்துக்கொள்வாள்.

அன்று இங்கெமார் வழக்கம்போலக் கேட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது கூவலுக்கு அப்புறம் கேளுங்க."

அவர் துடுப்பை நிறுத்திவிட்டார். ஓடம் தானாகத் திரும்பியது.

"போடுங்க துடுப்பை," என்றாள். "கரை அந்தப் பக்கம்."

நான் நகரத்துக்குப் போனேன். அம்மா மாடுகளை ஓட்டிக்கொண்டு மலை ஏறினாள்.

கோடையின் கடைசியில் ஒரு காலை மாடுகள் தாமாகவே கீழே இறங்கி வந்தன. கறக்காத மடி இறுகி, கத்திக்கொண்டு வந்தன. சிஸ்ஸெலா பண்ணை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. அம்மா மட்டும் இல்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். ஊற்றருகே, வாளியின் பக்கத்தில் அம்மா இறந்து கிடந்தாள். எப்போது விழுந்தாள் என்று சொல்ல யாரும் இல்லை.

நான் வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள்.

குடிலைக் காலி செய்ய நானும் சிஸ்ஸெலாவும் போனோம். பெட்டியில் வெண்ணெய்த் துணிகளுக்கு அடியில் ஓர் ஆண் சட்டை இருந்தது. அம்மா நெய்ததிலேயே மெல்லிய லினன். என் மேல் வைத்துப் பார்த்தேன். தோள் மிக அகலம். கழுத்தைச் சுற்றி வெள்ளைமேல் வெள்ளை நூலில் பொடித் தையல். எங்கள் பக்கம் மணப்பெண்தான் மாப்பிள்ளைக்குத் தன் கையால் சட்டை தைப்பாள். வேறு யாருக்காகவும் இப்படிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடது கை தைத்து முடிந்திருந்தது. வலது கை வெட்டி, மடித்து, ஊசியோடு உள்ளே இருந்தது.

"யாருக்குன்னு தெரியுமாண்ணா?"

"தெரியும்."

"நான் தைச்சு முடிச்சிடவா?" என்றாள். ஊசியை எடுத்தவள் திரும்பக் குத்திவைத்துவிட்டு அவளே சொன்னாள். "வேணாம். அது நான் தைக்கிற தையல் இல்ல."

இலையுதிர் கால அமர்வுக்குப் போனேன். சட்டையை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். நீதிபதி அம்மாவின் பெயரை வாசித்து நிறுத்தினார். கூவச் சொன்னவர் இல்லாமல் கூவல் இல்லை. முந்தைய இரண்டும் அவளோடு போயின. நிலம் சட்டப்படி பிரியும். இரண்டு பங்கு எனக்கு.

"சட்டமே குடுக்குது," என்றார் சித்தப்பா. "வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போடா, படிச்சவனே."

"என் ரெண்டு பங்கையும் கூவுங்க," என்றேன். "சிஸ்ஸெலா பேருக்கு. கூடப்பிறந்தவளுக்குக் குடுக்கத் தடை இல்லையே."

"அம்மா மாதிரியே மரமண்டை!"

எல்லையைக் கேட்டார்கள். சொன்னேன். மன்றத்தில் சத்தமாகக் கூவினார்கள். முதல் கூவல். இன்னும் இரண்டு பாக்கி. அம்மா விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. அவள் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

திரும்பும்போது ஓடத்தில் நான் மட்டும். நடு ஏரியில் இங்கெமார் கேட்டார்.

"கூவியாச்சா தம்பி?"

"மொத கூவல்தான். திரும்ப ஆரம்பத்துலேர்ந்து."

"ஓ." துடுப்பு இரண்டு முறை போட்டார். "மூணாவதுக்கு அப்புறம் கேக்கச் சொல்லியிருந்தாங்க."

"தெரியும். நானும் ஓடத்துலதானே இருந்தேன்."

பொட்டலம் என் மடியில் இருந்தது. அவர் அது என்ன என்று கேட்கவில்லை. துடுப்பை இழுக்க அவர் முன்னால் குனிந்து நிமிரும்போது தோளைப் பார்த்தேன். தொழில் பழக்கத்தில் கண் தானாக அளந்தது. அம்மா ஒரு முறைகூட அளவு எடுத்திருக்க முடியாது. ஆனாலும் சட்டையின் தோள் அவருக்குச் சரியாக இருந்தது.

வலது கை மட்டும் தைக்க வேண்டும்.