பணக்காரருக்கு ஜீன், மற்றவருக்கு வாய்

திங்கட்கிழமை காலை பத்து நாற்பதுக்கு என் மூத்த மகள் எடை மெஷினிலிருந்து சரிந்து விழுந்தாள். நான் டயட்டீஷியனாக இருந்த கிளினிக்கில், நானே நடத்திய வரிசையில், ஒன்பது பேர் பார்க்க.

மதுரையில் எடைக் குறைப்பில் பதினாறு வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்வேன். அதன் லட்சணத்தை இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ளட்டும். திங்கள்தோறும் எல்லோரையும் நிறுத்தி, எடையை உரக்கப் படிப்போம். குறையாதவரின் சாப்பாட்டு நோட்டில் சிவப்பு மையால் 'பொய்' என்று எழுதுவேன். வெட்கத்தில் கொழுப்பு கரையுமாம். முதலாளியம்மா கண்டுபிடித்த வைத்தியம் அது.

மேலூர்க்காரர் ஒருவர் கெஞ்சினார்: "சத்தியமா ரெண்டு இட்லிதான் மேடம். பசிதான் அடங்க மாட்டேங்குது."

"காத்தக் குடிச்சா அண்ணே இம்புட்டுத் தொப்பை வந்துச்சு?" என்றேன். வரிசையே சிரித்தது. மறுவாரம் அவர் வரவில்லை. ஒழுக்கமில்லாத ஆள் என்று ஃபைலை மூடினேன்.

ஏ.சி. அறைக்குள் வேறு பாடம். வசதியான வீட்டு அம்மாக்கள் வந்தால் எச்சில் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். ரிப்போர்ட்டை விரித்து முதலாளியம்மா குழைவார்: "ஒங்க தப்பே இல்லம்மா, எல்லாம் ஜீன். சிலருக்குப் பசி ஜாஸ்தி, வயிறு நெறஞ்சது லேட்டாத்தான் தெரியும். பாகற்காய் கசப்புகூட சிலருக்கு மட்டும் தாங்காது."

சொன்னதில் பாதி பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லாமே ஜீன் என்பதும், எச்சிலைப் பார்த்து ஒருவர் உடம்பைக் கணித்துவிடலாம் என்பதும்தான் வியாபாரம். ஆக, கதவுக்கு உள்ளே ஜீன், வெளியே வாய். இரண்டு பக்கமும் நான் கூச்சமில்லாமல் வேலை பார்த்தேன்.

மூத்தவளுக்கு இருபத்து நான்கு வயது. அதே சோற்றைத் தின்னும் தங்கை குச்சி. இவளுக்கு உடம்பு போட்டுவிட்டது. டயட்டீஷியன் மகள் குண்டாக இருக்கலாமா? வரிசையில் நிறுத்தினேன். தினமும் பாகற்காய் ஜூஸ் கொடுத்தேன். குமட்டி வாந்தியெடுத்தால் நடிப்பு என்றேன். மூன்றாம் வாரம் அவள் நோட்டிலும் 'பொய்' எழுதினேன்.

அதன்பிறகு நாலு நாள் டிபன் டப்பாவை ஆபீஸில் யாருக்கோ கொடுத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து, "சாப்பிட்டுட்டேம்மா" என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அவள் என்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான். அதை மட்டும் நம்பினேன்.

விழுந்தவளை நான் தூக்கும்போது முதலாளியம்மா காதருகே குனிந்தார்: "இது ஒங்க பொண்ணுன்னு வெளிய இருக்கவங்களுக்குத் தெரிய வேணாம். பின்வாசல் வழியாப் போங்க."

முன்வாசல் வழியாகவே தூக்கிப் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "உப்புச்சத்து ரொம்ப எறங்கிருச்சு, இதயத் துடிப்பு தடுமாறுது. இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றார். மூன்று மணிக்குத்தான் கண் திறந்தாள். கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். நான் ஸ்பூனை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

பசிக்கிறது என்று ஒருவர் சொன்னால் முதலில் நம்புங்கள். எனக்குப் பதினாறு வருடத்தில் புரியாத தொழில் பாடம் இவ்வளவுதான்.

நாலரை மணிக்கு உசிலம்பட்டியிலிருந்து என் கணவரின் தங்கை வந்து சேர்ந்தாள். மகளுக்கு அப்படியே அவள் உடம்பு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்க வீட்டு ஒடம்பு ஒனக்கு வந்துருச்சு, என்ன செய்ய? அதுக்குன்னு அதப் பட்டினி போட்டுக் கொல்லுவியாடி?" என்று கஞ்சியை எடுத்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மதினி, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. புள்ள சாப்பிடட்டும்."