ஒரு வீடும் பாக்கி இல்லை

அன்று காலை அங்கே இருந்தவர்கள் இவர்கள். கையில் ஃபைல் வைத்திருந்த அதிகாரி. டேப் பிடித்த ஆள். ஒரு பெண் போலீஸ். ரோட்டில் ஒரு ஜேசிபி, அதற்குள் பாக்கு மென்றுகொண்டிருந்த டிரைவர். எங்கள் பக்கம் மூன்று பேர்தான். கோடி வீட்டு அண்ணன், வெள்ளத்தில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. பக்கத்து வீட்டுப் பெண், நிறைமாதம். அப்புறம் நான்.

மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

போன வருஷம் மழைக்காலம். பெங்களூரில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் ஒரு ராஜகாலுவே போகிறது. ஒரு ஏரியின் மழைத்தண்ணீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகிற பெரிய கால்வாய். அதன் கரையில் ஷீட் போட்ட பதினாலு வீடுகள். எல்லாரும் திருப்பத்தூர் பக்கத்து ஆட்கள், பிழைக்க வந்தவர்கள். நான் இஸ்திரி போடுகிறவள். படிப்பு அஞ்சாவதோடு நின்றது.

அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்குள் தொடை வரை தண்ணீர் வந்திருந்தது. அரிசி போனது. பாய் போனது. காலுவேயை அடைத்துக்கொண்டு நீங்கள் இருப்பதால்தான் இந்த ஏரியாவே மூழ்கியது என்று சொல்லிக்கொண்டு இவர்கள் வந்தார்கள்.

எங்கள் வரிசையில் கன்னடம் பேசுகிறவள் நான்தான். துணி வாங்கி, துணி கொடுக்கிற கன்னடம். அதற்கு மேல் கிடையாது. ஆனாலும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை.

“நீ போய் பேசும்மா. நமக்கு அது வாயில நுழையாது” என்று கோடி வீட்டு அண்ணன் என்னை முன்னால் தள்ளினார்.

அதிகாரி ஃபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஒத்துவரி மாடி கட்டிதீரா?”

எனக்குக் காதில் விழுந்தது வரி, கட்டு. அவ்வளவுதான். வீட்டு வரி தெரியும், கரண்ட் பில் தெரியும். இது ஏதோ இன்னொரு வரி என்று நினைத்தேன். அந்தப் பெயரில் கட்டினதாக ஞாபகம் இல்லை. இல்லை என்று சொன்னால் அபராதம் போடுவாரோ என்று பயம். ஜேசிபி வேறு நிற்கிறது.

“ஹௌது சார்” என்றேன். “எல்லரூ கட்டிதீவி. ஒந்து மனெயூ பாக்கி இல்லா.” ஆமாம் சார், எல்லாரும் கட்டியிருக்கோம், ஒரு வீடும் பாக்கி இல்லை.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். எழுதினார். மஹஜர் என்று, நேரில் கண்டதையும் நாங்கள் சொன்னதையும் எழுதின ஒரு தாளை நீட்டினார். தமிழில் என் பேரை எழுதினேன்.

“சூப்பர்மா” என்றார் அண்ணன்.

அப்புறம் அந்த டேப் பிடித்த ஆள் ஒவ்வொரு கதவிலும் ஒரு தாள் ஒட்டினான். “ஒந்து வாரதல்லி காலி மாடி” என்றார் அதிகாரி. ஒரு வாரத்துக்குள் காலி பண்ணுங்கள். காலி என்ற வார்த்தை எல்லா பாஷையிலும் ஒன்றுதான்.  ஏன் சார் என்று கேட்டேன்.

“நீவே ஹேளிதிரல்லா” என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள்.

நான் என்ன சொன்னேன்? அதுதான் புரியவில்லை. சாயங்காலம் எல்லாரும் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருஷன் கத்தினான். “கன்னடத்துல கலெக்டர் மாதிரி பேசினியே, என்னதான் சொல்லித் தொலைச்ச?” வரி கட்டியாச்சுன்னுதான் சொன்னேன் என்றேன். யாரும் நம்பவில்லை. அவன் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிறக்கும்போது கூரை இருக்குமா என்பதுதான் அவள் கவலை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

என் இஸ்திரி வண்டி நிற்பது ஒரு சட்டக் கல்லூரி ஹாஸ்டலுக்கு எதிரில். மறுநாள் வேலைக்குப் போனேன். ஒரு பெண்ணின் கறுப்பு கோட் மேல் பெட்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். புகை வந்த பிறகுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் நான் ஒரு துணியைத் தீய்த்தது கிடையாது.

அந்தப் பெண் வந்தாள். பெங்களூரிலேயே ஆஸ்டின் டவுனில் பிறந்தவள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம். திட்டுவாள் என்று நின்றேன்.

“கோட் போனா போகுதுக்கா. உங்களுக்கு என்னாச்சு?”

சொன்னேன். அவர் கேட்ட வார்த்தையை அப்படியே சொல்லுங்க என்றாள். சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயோ அக்கா. ஒத்துவரின்னா வரி இல்ல, ஆக்கிரமிப்பு. காலுவே இடத்தைப் பிடிச்சு வீடு கட்டினீங்களான்னு கேட்டிருக்காரு. நீங்க…”

ஒரு வீடும் பாக்கி இல்லை என்று சொல்லியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

அந்தக் கல்லூரியில் இலவச சட்ட உதவிக்கு என்று ஒரு ரூம் இருக்கிறது. எதிரிலேயே நின்று இஸ்திரி போட்ட எனக்கு அது தெரியாது. அவள் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அங்கிருந்த டீச்சர் ஆசை காட்டவில்லை. “இதுங்க படிக்கிற பிள்ளைங்கம்மா, கோர்ட்டுல பேச முடியாது. பேசுறதுக்கு ஒரு வக்கீலைக் கொண்டு வர்றோம். அளக்குறது, எழுதுறது, உங்க கூட நிக்கிறது எங்க வேலை. எல்லா வீடும் தப்பிக்கும்னு சொல்லமாட்டேன்” என்றார்.

அந்த வாரமே பிள்ளைகள் வந்தார்கள். வீடு வீடாக உட்கார்ந்து, நாங்கள் சொன்னதைத் தமிழில் எழுதி, எழுதினதைத் திரும்பப் படித்துக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினார்கள். சர்வே ஆபீசிலிருந்து பழைய வரைபடம் வாங்கி வந்தார்கள். காலுவேயை அளந்தார்கள். தண்ணீர் போகிற பக்கம், எங்களுக்கு அடுத்து ஒரு அபார்ட்மென்ட். அங்கே காலுவே பாதியாகக் குறுகியிருந்தது. மேலே சிலாப் போட்டுக் கார் நிறுத்தியிருந்தார்கள்.

அளந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. பட்டப்பகல். எல்லாரையும் மேலே ரோட்டுக்கு ஏறச் சொன்னேன். எங்கள் இடத்தில் தண்ணீர் மேலிருந்து பாய்ந்து வருவதில்லை. போக வழி இல்லாமல் கீழிருந்து திரும்பி வரும். சத்தமே போடாது. வாசற்படி இருக்கும், பார்த்தால் இருக்காது.

கோட்டுக்காரப் பெண் ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில் என் வீட்டுக்குள் நின்று, செங்கல் துண்டால் சுவரில் கோடு போட்டாள். தண்ணீர் ஏறினது, இன்னொரு கோடு. போட்டோ எடுத்தாள்.

“பயமா இல்லையா?” என்றேன்.

“பயமாத்தான்கா இருக்கு. நீங்க எப்படி இதுல தூங்குறீங்க?”



மஹஜரை ரத்து செய்யச் சொல்லி வக்கீல் மனு போட்டார். கெடு முடிகிற அன்றுதான் விசாரணை. பெரிய அதிகாரி ரூம். என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார்.  இன்னொரு வார்த்தையைத் தப்பாகச் சொல்லி இருக்கிறதையும் தொலைத்துவிடுவேனோ என்று வாயைத் திறக்கவே இல்லை. வக்கீல் எழுந்து, இவங்களுக்குத் தெரிஞ்ச பாஷையில கேளுங்க என்றார். ஆள் வைத்துத் தமிழில் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன்.

ரூமில் பாதிப் பேர் சிரித்தார்கள். மஹஜர் எழுதின அதிகாரியும் சிரித்துவிட்டார். பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. “என்ன எழுதியிருக்குன்னு இந்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினீங்களா?” என்று அவரைக் கேட்டார். அவர் ஃபைலைப் புரட்டினார்.

மஹஜர் ரத்து. திரும்ப அளக்க உத்தரவு. பிள்ளைகள் எடுத்த போட்டோவும் அளவும் ஃபைலில் சேர்ந்தன. முதலில் உடைந்தது அந்த அபார்ட்மென்ட் சிலாப். ஆனால் பழைய வரைபடத்தின்படி எங்கள் வீடுகளிலும் மூன்று உண்மையாகவே காலுவேக்குள் இருந்தன. மாற்று இடம் கொடுத்த பிறகுதான் இடிக்க வேண்டும் என்று வக்கீல் சண்டை போட்டு உத்தரவு வாங்கினார்.

அந்த மூன்றில் ஒன்று என் வீடு. மாற்று இடத்துக்கு நான் மாறின பிறகு, செங்கல் கோடுகளோடு போனது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் வீடு தப்பியது. குழந்தை அங்கேதான் தவழ்கிறது. இஸ்திரி வண்டி அதே இடத்தில் நிற்கிறது. கல்லூரிப் பெண் தீய்ந்த இடத்துக்கு ஒட்டுப்போட்டு அதே கோட்டைத்தான் போடுகிறாள்.

இப்போதும் யாராவது கன்னடத்தில் கேட்டால் பயம்தான். தெரியாத வார்த்தை வந்தால் வெட்கப்படாமல், அப்படியென்றால் என்ன சார் என்று கேட்டுவிடுகிறேன். மழை பெய்தால் வண்டியைச் சாத்திவிட்டு, குடை பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்குப் போய் நின்று பார்ப்பேன். ஒரே வார்த்தையில் பதினாலு வீட்டையும் எடுத்துக் கொடுத்தவள் நான். நிற்கிறது பதினொன்று.