சிவப்பு போர்டைச் சாட்சி வைத்தவள்

தாவ்யுவான் நகரில் சர்வர் கணினிகளுக்குப் போர்டு செய்கிற அந்தத் தொழிற்சாலையில் லாய் யூ-லான் உட்கார்ந்த மேசைக்குக் 'கேட்கிற மேசை' என்று பெயர். மற்ற மேசைகளில் பற்றவைப்பார்கள், துடைப்பார்கள், மென்பொருள் ஏற்றுவார்கள். இவள் மேசையில் கேள்வி கேட்பது மட்டும்தான் வேலை.

ஒவ்வொரு போர்டிலும் நகத்தளவில் ஒரு காவல் சிப் உண்டு. போர்டு கண் விழிக்கும்போது முதலில் எந்த மென்பொருள் ஓடியது, அடுத்து எது ஓடியது என்று வரிசையாக அளந்து தனக்குள் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் அதை மாற்றி எழுத முடியாது. யூ-லானின் கணினி, "நீ என்ன கண்டாய்?" என்று கேட்கும். சிப் தன் முத்திரையோடு பதில் தரும். அந்தப் பதில் மூல அளவோடு பொருந்தினால் பச்சை விளக்கு எரியும், பொருந்தாவிட்டால் சிவப்பு.

மூல அளவை ஏதோ ஒரு போர்டிலிருந்து எடுக்கக் கூடாது. என்ஜினியர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரியென்று சொன்ன தாய் போர்டு ஒன்று இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கும். புது மென்பொருள் வந்தால் அதை வெளியே எடுத்து அளந்து, மறுபடி பூட்டிவிட வேண்டும்.

யூ-லானுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கணவர் காலமானபின் மகனைத் தனியாக வளர்த்தவள். காலையில் பூமித் தாத்தா சாமி கோயிலில் ஊதுவத்தி கொளுத்தாமல் பஸ் ஏற மாட்டாள். மெஷின் முரண்டு பிடிக்காமல் இருக்கட்டும் என்று அதன் தலையில் பச்சைப் பாக்கெட் சோளப்பொரி வைத்து, தேதி முடியுமுன் மாற்றி வைப்பதும் அவள்தான். பக்கத்து மேசை லியென் வியட்நாமிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த பெண்.

"அக்கா, பொரி முழுக்க மெஷினுக்குத்தானா? எனக்கும் ஒரு பாக்கெட் வச்சா நானும் முரண்டு பிடிக்காம இருப்பேன்ல," என்பாள்.

"நீ தின்னுட்டு முரண்டு பிடிப்பே," என்று இவள் சிரிப்பாள்.

சந்திர மாதத்தின் இரண்டாம் நாள், பூமித் தாத்தாவுக்குப் பூசை போடுகிற நாள் அது. தொழிற்சாலை வாசலில் மேசை போட்டுப் பழமும் கோழியும் படைத்திருந்தார்கள். குனிந்து வணங்கும்போது கழுத்துக் கார்டு ஊதுவத்தித் தீயில் பட்டுவிடுமே என்று யூ-லான் அதைக் கழற்றிக் கீழே லாக்கரில் வைத்தாள். முதல் ஆளாகக் கும்பிட்டுவிட்டு மாடியேறி வந்தால், அன்றைக்கு வந்த போர்டெல்லாம் சிவப்பு காட்டின. லாரி வேறு காத்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் காவுக்குப் போன் போட்டாள். அவர் இன்னும் பூசையில்தான் நின்றார்.

"லான் அக்கா, நேத்து புது மென்பொருள் வந்துச்சுல்ல. அங்க இருக்கறது பழைய அளவா இருக்கும். புதுசா எடுத்துப் போட்டுடுங்க," என்றார்.

அலமாரிச் சாவி அவர் பையில். சாமி முன்னால் நிற்கிற மனுஷனை மாடிக்கு வரச்சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. எல்லா போர்டும் ஒரே தறியில் வந்ததுதானே என்று சிவப்பு காட்டிய வரிசையிலிருந்தே ஒன்றை எடுத்தாள். அளவை மாற்றக் கார்டு வேண்டும், அவளுடையது கீழே லாக்கரில்.

லியென் தன் கார்டை நீட்டினாள். "இந்தாங்க அக்கா. என் கார்டுக்கும் ஒரு நாள் பெரிய மனுஷி வேலை கிடைக்கட்டும்."

அந்த போர்டின் அளவையே மூல அளவாக ஏற்றினாள் யூ-லான். அதன்பின் எல்லாம் பச்சை. லாரி கிளம்பியது.

ஆனால் அன்று போர்டுகளில் ஏற்றியிருந்தது விற்கிற மென்பொருள் அல்ல. பழுது பார்க்கிறவர்கள் உள்ளே நுழைய வழி திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அது. முந்தின மேசையில் யாரோ மாற்றி ஏற்றிவிட்டார்கள். வாங்கியவர்கள் தங்களிடமிருந்த அளவை வைத்து அதே சிப்புகளைக் கேட்டார்கள். சிப்புகள் உண்மையைச் சொல்லிவிட்டன. இங்கேயும் அவை உண்மையைத்தான் சொல்லின, காது கொடுக்காதவள் யூ-லான். பெட்டி பெட்டியாக எல்லாம் திரும்பி வந்தது.

விசாரணையில் கணினி சொன்னது லியெனின் கார்டை. கார்டைத்தான் அதற்குத் தெரியும், பிடித்த கையைத் தெரியாது.

"அளவை மாத்துனது நீயா?" என்று காவ் எல்லார் முன்னாலும் கேட்டார்.

லியென் யூ-லானை ஒரு முறை பார்த்தாள். "என் கார்டுதான் சார்," என்றாள்.

இப்போது சொல்லிவிடலாம், இதோ சொல்லிவிடலாம் என்று யூ-லான் நினைப்பதற்குள் காவ் போய்விட்டார். லியெனின் ஒப்பந்தத்தை முடித்து ஊருக்கு அனுப்பப் போவதாகச் சாயங்காலம் பேச்சு வந்தது.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் பற்றவைக்கிற மேசை சுன்-மேய் குரலை இறக்கவேயில்லை. "தாய் போர்டு எதுன்னுகூடத் தெரியாதவ கையில கார்டு. நல்லவேளை, லான் அக்கா மாதிரி ஆளுங்க இருக்கப்போய் கம்பெனி ஓடுது."

லியென் தலை நிமிராமல் சோறு தின்றாள். யூ-லான் சோயா சாற்றில் வெந்த முட்டையைத் தொடாமல் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

வேலை விட்டதும் நேரே கோயிலுக்குப் போனாள். பிறை போலச் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளைக் கையில் ஏந்தினாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சாமிக்குச் சம்மதம்.

"தாத்தா, அவளே பேசாம இருக்கா. நானும் பேசாம இருக்கலாமா?"

இரண்டும் குப்புற விழுந்தன. சம்மதமில்லை.

"பையன் படிப்பு முடியற வரைக்குமாவது?"

இரண்டும் மல்லாக்க விழுந்தன. சாமி சிரிக்கிறார், சம்மதமுமில்லை மறுப்புமில்லை.

"இப்போதைக்கு மட்டும்?"

ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க. நெஞ்சு லேசாகி எழுந்தாள்.

சாம்பல் வாரிக்கொண்டிருந்த கோயில்காரி சிரித்தாள். "என்னம்மா, வேணுங்கறது விழற வரைக்கும் கேட்டியா?"

சும்மா கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் அன்றைக்கும் யூ-லான் இதைத்தானே செய்தாள். போர்டுகள் சிவப்பு என்றன. அந்தப் பதில் வேண்டாமென்று, சந்தேகப்பட்ட போர்டையே சாட்சியாக உட்கார வைத்தாள். இப்போது சாமியையும் அப்படியே ஆக்கிவிட்டாள். கட்டைகளை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, மறுபடி கும்பிடவும் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

காலையில் காவின் அறைக்குப் போனாள். "அளவை மாத்துனது நான்தான் சார். கார்டு அவளோடது, கை என்னோடது."

காவ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத இப்பவா அக்கா சொல்றது? மேல எல்லாம் சொல்லி முடிச்சாச்சு."

"இப்பத்தான் சார் வாய் வந்துச்சு."

"மாத்துங்கன்னு நானும்தான் சொன்னேன்," என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. "சரி, வாங்க. ரெண்டு பேருமா மேல போவோம்."

லியென் ஊருக்குப் போகவில்லை. ஆனால் கார்டைக் கைமாற்றிய குற்றத்துக்கு எச்சரிக்கை கிடைத்தது. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் இனிமேல் கேட்கிற மேசைப் பக்கம் வரக் கூடாதென்றும் விதி வந்தது. யூ-லானுக்கு அடுத்து அந்த மேசையில் உட்காரத்தான் லியென் அத்தனையும் கற்றிருந்தாள். யூ-லானை அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்துக்கு மாற்றினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் யூ-லான் லியெனிடம் போய் நின்றாள். "மன்னிச்சுக்கம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

லியென் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "எல்லார் முன்னாலயும் அவர் கேட்டப்ப உங்களப் பாத்தேன். நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சுத்தான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்த் தன் ஊர்ப் பெண்கள் இருந்த மேசையில் உட்கார்ந்துகொண்டாள். யூ-லான் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டுப் பெட்டி ஒட்டப் போனாள்.